இருட்டில் மிதந்த கை: காலண்டர் ஊரில் காமிக்ஸ் படித்த கண்கள்

காரியாபட்டியில இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட் ஒரு கையைப் பத்தி. இரும்புக் கை. அந்தரத்துல மிதக்குது. மணிக்கட்டுக்கு மேல ஆள் இல்ல, சட்டை இல்ல, ஒண்ணுமே இல்ல. கை மட்டும் ஒரு கதவுப் பிடியை நோக்கிப் போகுது. சுற்றிலும் கன்னங்கரேல்னு நிழல். ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்துப் பையன்கள் இந்தப் படத்தைப் பார்த்துட்டு என்ன நினைச்சாங்க, அதுல எது புரிஞ்சது, எது புரியாமலே பிடிச்சது என்பதுதான் விஷயம்.

1972-ல் சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பிச்சது. அப்போ விருதுநகர் மாவட்டம்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. வெளியிட்டவர் சௌந்திரபாண்டியன். கதை நம்மூர்க் கதை இல்லை. லண்டனில் 1962-ல் தொடங்கின 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் வந்த தொடர். முதலில் எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். ஆக, ஒரு ஸ்பெயின்காரர் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்காக வரைஞ்ச படம், பத்து வருஷம் கழிச்சு தீப்பெட்டியும் பட்டாசும் செய்யுற ஊருல தமிழ் பேச ஆரம்பிச்சது.

அந்தப் படத்தைப் பார்த்த கண்ணு எப்படிப்பட்ட கண்ணு? இதை யாரும் பெருசா பேசினதில்லை. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியா தோணுது.

சிவகாசிக்கு அச்சுத் தொழில் எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு 1923-ல் ஊர் திரும்பினாங்க. தீப்பெட்டி செஞ்சா அதுக்கு மேல ஒட்ட லேபிள் வேணும். லேபிளுக்கு அச்சு வேணும். அதுலயிருந்து காலண்டர், பட்டாசுப் பெட்டி, வாழ்த்து அட்டைன்னு வளர்ந்தது. தீப்பெட்டி லேபிள்ல ஒரு விதி உண்டு: எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில நின்னு "அந்தப் படம் போட்ட பெட்டி குடுங்க"ன்னு கேட்கணும். படம்தான் பேரு. அதுல சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

காலண்டரும் அப்படித்தான். இங்கே ஒருத்தர் பேரைச் சொல்லியே ஆகணும்: கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படிச்சவர், கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்துல இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதினவர். நாற்பதுகளில் கோவில்பட்டியில் தங்கிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைஞ்ச சாமி படங்கள் சிவகாசியில அச்சாகி தமிழ்நாடு பூரா சுவர்ல தொங்குச்சு. அந்த லட்சுமியை நினைச்சுப் பாருங்க. முகத்துல நேரா வெளிச்சம். நம்மளை நேருக்கு நேர் பார்க்கிறா. தாமரை, யானை, கையிலிருந்து கொட்டுற காசு. யாரு, என்ன தருவா, நாம என்ன செய்யணும் எல்லாம் ஒரே பார்வையில தெரிஞ்சிடும். நம்ம ஊர் வீட்டுல பிள்ளை கண்ணைத் திறந்ததும் பார்க்கிற முதல் ஓவியம் அது. நான் இதைக் காலண்டர் கண்ணுன்னு சொல்லுவேன். கேலியா சொல்லல. படத்தைப் பார்த்தா அர்த்தம் உடனே கிடைக்கணும்னு பழகின கண்ணு.

அந்தக் கண்ணுக்கு முன்னாடி பிளாஸ்கோ வந்து நிக்கிறார்.

பிளாஸ்கோ முகத்துல பாதியை இருட்டுக்குள்ள தள்ளிடுவார். மழை பெஞ்ச தெரு, அதுல விளக்கு வெளிச்சம், ஒரு ஆளோட முதுகு. முக்கியமான ஆள் பல கட்டங்கள்ல நம்மளைப் பார்க்கவே மாட்டான். அதுவும் கதாநாயகன் மாயாவியாகிட்டா அவனை வரையவே முடியாது. வரையாம விட்ட இடம்தான் கதாநாயகன். காத்துல மிதக்கிற கையை வச்சு, இவன் நிக்கிறானா, ஓடுறானா, பயந்துட்டானான்னு நாமதான் கண்டுபிடிக்கணும். எங்கிட்ட இருக்கிற பழைய பிரதிகள்ல நியூஸ்பிரிண்ட் தாள் மையைக் குடிச்சு மெல்லிய கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. அவர் போட்ட இருட்டு போதாதுன்னு தாள் இன்னும் கொஞ்சம் இருட்டைச் சேர்த்திருக்கு. சில கட்டங்கள்ல எது சுவர், எது ஆளுன்னு இன்னைக்கும் எனக்குச் சண்டைதான்.

எங்க சித்தி ஒருத்தங்க வீட்டுல தீப்பெட்டி ஒட்டுவாங்க. பள்ளிக்கூடம் போகாதவங்க. நான் வாடகைக்கு எடுத்துட்டு வர்ற புத்தகத்தைப் பசைக் கை படாம ஓரத்தைப் பிடிச்சுப் பக்கம் பக்கமா பார்ப்பாங்க. எழுத்தைப் படிக்காம படத்தை மட்டும். ஒரு நாள் கேட்டாங்க: "ஏய்யா, இந்தக் கைக்காரன் நல்லவனா கெட்டவனா?" நான் உடனே "ஹீரோ சித்தி"ன்னேன். "அப்புறம் எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு திரியுறான்?"னாங்க.

சித்தி கேட்டது சரியான கேள்வி. ஏன்னா மூலக்கதையில லூயிஸ் க்ராண்டெல் முதலில் நல்லவனே இல்லை. ஆய்வுக்கூட உதவியாளன். விபத்துல கை போய் இரும்புக் கை பொருத்துறாங்க. இன்னொரு விபத்துல மின்சாரம் பாய, அந்தக் கையைத் தவிர உடம்பு மறைஞ்சு போகுது. அந்தச் சக்தி கிடைச்சதும் அவன் செய்யுற முதல் காரியம் குற்றம். அப்புறம்தான் மெல்ல மெல்லத் திருந்தி, தமிழ்ல நாம 'நிழற்படை'ன்னு படிச்ச உளவு அமைப்புல சேர்றான். எழுத்து படிச்ச நாங்க ஹீரோங்கிற பட்டத்தை வச்சுக்கிட்டு முன்னாடி நடந்ததை மன்னிச்சிட்டோம். சித்திக்குப் பட்டம் தெரியாது, படம்தான் தெரியும். படம் அவனை மன்னிக்கல. பிளாஸ்கோ அவன் முகத்துல போட்ட நிழல் கடைசி வரைக்கும் போகவே இல்லை.

தமிழ்ல வச்ச பேரும் அழகான குழப்பம். மாயாவின்னா மாயம் செய்யுறவன். ராமாயணத்துல வாலியைச் சண்டைக்குக் கூப்பிட்டுக் குகைக்குள்ள இழுத்துட்டுப் போன அசுரன் பேரும் மாயாவிதான். அதை நினைச்சு வச்சாங்களான்னு நான் ஊகிக்கப் போறதில்லை. ஆனா தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் சாமி பக்கமும் சாயும், அசுரன் பக்கமும் சாயும்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. 1984 ஜூலையில சௌந்திரபாண்டியனோட மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்திமுனையில் மாடஸ்டி'. மாடஸ்டி பிளைசி யாரு? குற்றக் கும்பலுக்குத் தலைவியா இருந்து, கலைச்சிட்டு வந்தவ. அடுத்து அங்கே கொடி கட்டிப் பறந்தது ஸ்பைடர். அவன் வந்ததே குற்றச் சக்கரவர்த்தி ஆகணும்னு. அவனுக்குப் பிற்பாடு கதை எழுதினவர் சூப்பர்மேனை உருவாக்கின இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். வரைஞ்சவர் ரெஜ் பன். கூர்க் காது, நெற்றியில இறங்கி வர்ற கூரான முடி. நம்ம வாசகர்கள் அவனுக்குச் செல்லமா 'கூர்மண்டையர்'னு மரியாதை விகுதியோட பேரு வச்சாங்க. அசுரனுக்கு 'அர்' விகுதி! காலண்டர் சாமியைப் பார்த்து வளர்ந்த ஊரு தலையில தூக்கி வச்சு ஆடின மூணு பேரும் பழைய குற்றவாளிகள். அர்த்தம் தெளிவா இருக்கிற படத்தை மட்டும்தான் நம்ம ஜனம் ரசிக்கும்னு யாராவது சொன்னா இந்த மூணு பேரையும் காட்டுங்க.

ஓவியர் பேரைப் பத்தியும் சொல்லணும். அந்த பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகள்ல பெரும்பாலும் ஓவியர் பேரே போட மாட்டாங்க. பேர் தொலைஞ்சது சிவகாசியில இல்லை, லண்டன்லயே. அதனால இங்கே படிச்ச பிள்ளைகளுக்கு பிளாஸ்கோ யாரு, ரெஜ் பன் யாருன்னு தெரியாது. ஆனா கை தெரியும். வேற ஆள் வரைஞ்சிருந்தா "இது பழைய ஆள் போட்டது இல்லடா"ன்னு ரெண்டாவது பக்கத்துலயே சொல்லிடுவாங்க. தீப்பெட்டி லேபிள்ல போலியைக் கண்டுபிடிக்கிற அதே கண்ணு. பேரில்லாமலே ஒரு பாணியை அடையாளம் காண்கிறது சாதாரண விஷயம் இல்லை. கலைக் கல்லூரியில வருஷக்கணக்குல சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

இந்தக் கண்ணுக்கு நீண்ட பரீட்சை வச்சது 'இரத்தப் படலம்'. மூலம் 'XIII'. வான் ஹாம் எழுத்து, வில்லியம் வான்ஸ் ஓவியம், 1984-ல் தொடங்கினது. கடற்கரையில ஒருத்தன் ஒதுங்குறான். கழுத்துக்குக் கீழ எலும்போரமா ரோமன் எண்ணுல பதிமூணு பச்சை குத்தியிருக்கு. தான் யாருன்னு அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு ஆல்பத்துலயும் ஒரு பேரு கிடைக்கும், அடுத்ததுல அது பொய்யாகும். மூலத்துலயே முடிய 2007 ஆச்சு. தமிழ்ல எண்பதுகளிலேயே படிக்க ஆரம்பிச்சவங்க, விட்டு விட்டு வந்த பாகங்களைச் சேர்த்து வச்சுக் காத்திருந்து, 2010-ல் பதினெட்டுப் பாகமும் ஒரே குண்டுப் புத்தகமா கறுப்பு வெள்ளையில வந்தப்போதான் முழுசா படிச்சாங்க. கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளையும் பத்தாவது பரீட்சை எழுதினதுக்கு அப்புறம் "அவன் யாரு"ங்கிறதுக்குப் பதில். வான்ஸோட ஆட்கள் போட்டோ மாதிரி துல்லியமா இருப்பாங்க. மாயாவி கதையில இருட்டு படத்துல இருந்துச்சு; இங்கே படம் பளிச்சுன்னு இருக்கு, இருட்டு கதையில. மூலத் தொடர்ல அயர்லாந்துல நடக்கிற ஒரு ஆல்பத்தை வரைஞ்சவர் வான்ஸ் இல்லை, ழான் ஜிரோ. நமக்கு அவர் 'கேப்டன் டைகர்' ஓவியர். டைகரோட புழுதியைப் பார்த்துப் பழகினவங்க கண்ணுக்கு அந்தக் கோடு உடனே தப்பாது.

2012-ல் நிலைமை மாறுச்சு. கலர், வழவழப்புத் தாள், நூறு ரூபாய் விலை. அந்த வருஷம் வந்த ஒரு கதை 'எமனின் திசை மேற்கு'. மூலம் 'வெஸ்டர்ன்', 2001-ல் வந்தது. எழுத்து அதே வான் ஹாம், ஓவியம் ரோசின்ஸ்கி, போலந்துக்காரர். காணாமப் போன ஒரு பையனோட இடத்துல வேற பையனைக் கூட்டிட்டுப் போய் நிறுத்துறாங்க. அதுலயிருந்து எல்லாமே சறுக்குது. அவனுக்கும் ஒரு கை போகுது. ஆனா இவனுக்கு இரும்புக் கை எதுவும் கிடைக்கல. பக்கமெல்லாம் காய்ஞ்ச மண்ணு நிறம். நடுநடுவுல ரெண்டு பக்கத்தையும் நிறைச்சு ஒரே ஓவியம், அதுல வசனம்கூட இல்லை.

எங்க வட்டாரத்துல இது ஒரு பெரிய வாக்குவாதம். ஒரு நண்பர் அந்த ரெட்டைப் பக்க ஓவியத்தைக் கால் மணி நேரம் பார்த்தேன்னார். இன்னொருத்தர், பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுறவர், "ஓவியம் ஜோரு. ஆனா காசு குடுத்து வாங்கிட்டு மனசு கனத்துப் போய்ப் படுக்கணுமா? கடைசியில என்னதான் சொல்ல வர்றான்?"னார். அவரை ரசனை இல்லாதவர்னு ஒதுக்குறவங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. வெடிமருந்துக்குப் பக்கத்துல பகலைக் கழிக்கிறவர், ராத்திரி ஒரு மணி நேரம் நல்லவன் ஜெயிக்கிறதைப் பார்க்கணும்னு கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருக்கு.

ஆனா அவரும் அந்தக் காலத்துல மாயாவி படிச்சவர்தான். ஆளில்லாத கட்டத்துல ஆளைப் பார்த்தவர். அப்போ அந்தக் காலி இடத்துல அவரே போய் நின்னுக்கிட்டார்; பத்து வயசுல யாருக்கும் தெரியாம ஒரு பூட்டைத் திறக்கிறது எவ்வளவு சுகம்! 'வெஸ்டர்ன்'ல போய் நிக்கக் காலி இடம் இல்லை. எல்லா முகமும் தெரியுது, வெயில்ல கருகின தோல் தெரியுது, வெட்டுப்பட்ட கை தெரியுது. அவருக்குப் புரியாம போனதா நான் நினைக்கல. நல்லாவே புரிஞ்சதுதான் அவருக்குப் பிடிக்கல.

'இரத்தப் படலம்' 2018-ல் கலர்லயும் வந்திருச்சு. அதே கணக்கர் அதை வாங்கிட்டார். கறுப்பு வெள்ளைப் பிரதியைக் கேட்டேன், தர மாட்டேன்னுட்டார். "கலர்ல அவன் யாருன்னு தெரியுது, இதுலதான் தெரியல, இது எனக்கு வேணும்"னார்.

அடுத்த எபிசோடுல கோவில்பட்டிக்குப் போறோம். நாடகத் திரை எழுதின கை எப்படிக் காலண்டர் சாமி வரைய வந்ததுன்னு, கொண்டையராஜுவைப் பத்தி முழுசா பேசலாம். உங்க வீட்டுல பழைய சாமி படம் இருந்தா அதோட கீழ் ஓரத்துல பேரு இருக்கான்னு அதுக்குள்ள ஒரு தடவை பார்த்து வையுங்க.