சாவாதவன் சொன்ன கதை

சாவாமை என்னும் வேட்கை மாந்தரினத்தின் மிகப் பழைய வேட்கைகளுள் ஒன்று. மெசபட்டோமிய மன்னன் கில்காமெஷ், நண்பனைச் சாவுக்குப் பறிகொடுத்த துயரில் அழியா வாழ்வைத் தேடி அலைந்தான். அரிதின் பெற்ற மூலிகையையும் பாம்பிடம் இழந்து வெறுங்கையனாய் ஊர் திரும்பினான். நம் அதியமானோ, நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். நெடுங்காலம் வாழ்வதுதான் நிலைபேறு ஆகுமா என்னும் வினா இவ்விரு கதைகளிலும் உள்ளுறைந்து கிடக்கிறது. அதே வினாவை ஆரவாரமின்றி எழுப்பிய ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

2007ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஷெங்க்மன் இயக்கத்தில் வெளிவந்த 'தி மேன் ஃப்ரம் எர்த்' என்பதே அப்படம். ஏறத்தாழ 2,00,000 டாலர் செலவில் முடிந்த எளிய முயற்சி அது. போர் இல்லை, மாயக் காட்சி இல்லை, கடந்த காலத்தைக் கண்முன் நிறுத்தும் காட்சி ஒன்றேனும் இல்லை. 87 நிமிடமும், ஒரு சிறு வீட்டிலும் அதன் முற்றத்திலும் நிகழும் உரையாடலாகவே நடைபெறுகிறது.

பத்தாண்டுகள் பணியாற்றிய கல்லூரியை விட்டுத் திடீரென விலகுகிறார் ஜான் ஓல்ட்மேன் என்னும் பேராசிரியர். விடைகொடுக்க வந்த நண்பர்கள் காரணம் கேட்டு வற்புறுத்துகின்றனர். தாம் 14,000 ஆண்டுகளாக உயிர்வாழும் கற்கால மனிதர் என்றும், தமக்கு மூப்பு வாராமையைப் பிறர் உணரத் தலைப்படும் போதெல்லாம் ஊர் மாறிவிடுவது வழக்கம் என்றும் அவர் விடை பகர்கிறார். உயிரியலார், மானிடவியலார், தொல்லியலார், சமய இலக்கியம் பயின்றவர் என ஒவ்வொருவரும் தத்தம் துறை நின்று வினவுகின்றனர். எவராலும் மறுக்க முடியவில்லை. அவராலும் மெய்ப்பிக்க முடியவில்லை.

வரலாறு பயில்வோர் கருதத்தக்க கருத்தொன்று இங்கு உண்டு. தொல்பழங்காலத்தில் தாம் திரிந்த நிலம் எதுவென்று ஜான் அன்று அறிந்தாரில்லை. பிற்காலத்தில் அறிஞர்தம் நூல்களைக் கற்ற பின்னரே தம் வாழ்வை அவர் விளங்கிக்கொண்டார். ஒரு மனிதன் எத்துணை நெடிது வாழினும், ஒரு நேரத்தில் ஓரிடத்தில் நின்று கண்டதையே அறிவான். பலர் கண்டதைப் பலர் சொல்லக் கேட்டுத் தொகுப்பதே வரலாறு. அது தனியொருவர் உடைமை அன்று.

பெட்டிகளைக் கட்டி ஊர் மாறும் துயர் நமக்குப் புதிதன்று. ஆயினும் நாம் சுற்றத்தோடு பெயர்கிறோம். ஜான் மனைவி மக்களை விட்டுப் பெயர்பவர். அவ்வாறு அவர் விட்டுச் சென்ற மகன் ஒருவர், முதுமை எய்திய உளநல மருத்துவராய் அந்த அறையிலேயே அமர்ந்திருக்கிறார். எதிரே நிற்பவர் தம் தந்தை என உணர்ந்த அதிர்ச்சியில் அம்முதியவர் உயிர் துறக்கிறார். இளமை மாறாத தந்தை, நரைத்த மகனின் உடலருகே கலங்கி நிற்கிறார். சாவாமையின் விலை யாதென்பதை அந்தக் காட்சி உணர்த்திவிடுகிறது.

இனி, இக்கதையைப் புனைந்தவரை நோக்குவோம். ஜெரோம் பிக்ஸ்பி 1923இல் பிறந்தவர். 1960களின் தொடக்கத்திலேயே இக்கரு அவர் உள்ளத்தில் தோன்றியது. 1969இல் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடருக்கு அவர் எழுதிய பகுதி ஒன்றிலும் சாவாத மனிதன் ஒருவன் வருகிறான். கரு முழு வடிவம் பெற்றதோ 1998 ஏப்ரலில்தான். மரணப் படுக்கையில் கிடந்த அவர் இறுதிப் பகுதிகளைச் சொல்லச் சொல்ல, மகன் எமர்சன் எழுதிக்கொண்டார். அம்மாதமே பிக்ஸ்பி மறைந்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் சொற்கள் திரையேறின.

கதையினுள்ளே தந்தை சாவதில்லை. ஆனால் அவர் யாரென்பதை மகன் தன் இறுதிக் கணத்தில்தான் அறிகிறான். கதைக்கு வெளியே தந்தை மாய்கிறார். அவர் சொல்லை மகன் கை ஏந்திக்கொள்கிறது. இவ்விருவருள் நிலைத்தவர் யார்? சொல்லி வைத்துச் சென்றவரே அன்றோ!

பிறந்த மண்ணுக்கு நெடுந்தொலைவில் மக்களை வளர்க்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாட்டனார் உழுத நிலத்தின் பெயரையும், ஊர்க் குளத்தின் பெயரையும், நாம் புறப்பட்டு வந்த காரணத்தையும் நம் பிள்ளைகள் நம் வாய்மொழியாகவே அறிதல் வேண்டும். அதற்கு 14,000 ஆண்டுகள் வேண்டா. மாலைப் பொழுதொன்று போதும்.