ரொட்டி இல்லாத லாப்ஸ்டர்

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் கனெக்டிகட் என்று ஒரு சிறிய மாநிலம். என் மகள் அங்கே இருப்பதால், அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு பண்டத்தை நானும் சாப்பிட்டிருக்கிறேன். சுடச்சுட வெண்ணெயில் புரட்டிய லாப்ஸ்டர் சதையை நீளமான பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். லாப்ஸ்டர் ரோல் என்று பெயர்.

லாப்ஸ்டர் என்றால் நம்மூர் சிங்கி இறாலின் உறவு. ஆனால் நம்முடையதற்கு நீண்ட மீசைதான் உண்டு, கொடுக்கு கிடையாது. அவர்களுடையதற்கு நண்டு போல இரண்டு பெரிய கொடுக்குகள், அவற்றில் நல்ல சதை.

இன்று விலை கேட்டாலே தலை சுற்றும் இந்தப் பண்டத்துக்கு அன்று மதிப்பே இல்லை. 1620ல் மேஃப்ளவர் கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறியவர்களின் கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்டு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். 1623ல் புதிதாக வந்து இறங்கிய சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க லாப்ஸ்டரோ மீன் துண்டோ, ஊற்றுத் தண்ணீரோதான் இருந்ததாம், ரொட்டி இல்லையாம். விருந்தாளிக்கு ரொட்டி வைக்க முடியவில்லையே என்பதுதான் அவர் வருத்தம்.

இதை ஒட்டி ஒரு கதையும் உலவுகிறது. வாரத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் லாப்ஸ்டர் போடக்கூடாது என்று வேலைக்காரர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்களாம். அப்படி ஒரு பத்திரம் யார் கையிலும் சிக்கியதில்லை. இதே கதையை இங்கிலாந்தில் சால்மன் மீனுக்கும் சொல்கிறார்கள்!

செத்த லாப்ஸ்டர் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் வெகுதூரம் போகாது. 19ஆம் நூற்றாண்டில், அடியில் துளையிட்டு கடல்நீர் உள்ளே வந்துபோகும் தொட்டி வைத்த படகுகள் வந்தன. உயிரோடு பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. 1840களில் மெய்ன் மாநிலத்தில் டப்பாவில் அடைக்கவும் தொடங்கினார்கள். தூரத்து ஊர்க்காரன் ருசி கண்டான், விலை ஏறியது.

ரொட்டி வந்து சேர 300 வருஷம் ஆனது. கனெக்டிகட்டின் மில்ஃபோர்டு ஊரில், பெர்ரிஸ் என்ற உணவகத்தில் 1929 வாக்கில் இந்த ரோல் பிறந்திருக்கலாம் என்று உணவு வரலாறு எழுதும் ஜான் மரியானி சொல்கிறார். மெய்ன்காரர்கள் மயோனைஸ் கலந்து குளிரக் குளிரச் சாப்பிடுவார்கள். என் ஓட்டு வெண்ணெய்க்குத்தான். அந்தப் பன்னும் தனி ரகம். மேல்பக்கம் பிளந்திருக்கும், இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும். 1940களில் ஹோவர்ட் ஜான்சன் உணவகங்களின் பொரித்த மட்டிக்காகச் செய்தது. தட்டையாக இருப்பதால் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி முறுகலாக வாட்டலாம்.

மகள் வீட்டில் செய்வது இப்படி. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான உயிருள்ள லாப்ஸ்டரை, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவிடுவாள். சிவந்ததும் எடுத்து ஆறவைத்து, வால், கொடுக்கு, கணு மூன்றிலிருந்தும் சதையைப் பிரிப்பாள். நூறு கிராமுக்குச் சற்று மேல் தேறும், அது ஒரு ரோலுக்குத்தான் காணும். பிறகு சிறு தீயில் வெண்ணெயை உருக்கி, சதையை அதில் போட்டுச் சூடேற்றினால் போதும். வெண்ணெய் கொதித்தால் சதை ரப்பராகிவிடும். வாட்டிய பன்னில் வைத்து, மிச்ச வெண்ணெயையும் ஊற்றி, எலுமிச்சை பிழிய வேண்டியதுதான். மசாலா எதுவும் கிடையாது. மிளகுத்தூள் டப்பாவை நோக்கி என் கை போனதை மகள் தடுத்துவிட்டாள்.

கனெக்டிகட்டின் கடல் லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற ஒடுங்கிய நீர்ப்பரப்பு. 1999 இலையுதிர்காலத்தில் அதன் மேற்குப் பகுதியில் லாப்ஸ்டர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நீர் சூடேறியது, ஆக்சிஜன் குறைந்தது, ஒட்டுண்ணி நோயும் தாக்கியது. கொசு மருந்தும் காரணம் என்று மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். பழைய வரத்து திரும்பவில்லை. பலர் அந்தத் தொழிலை விட்டே போனார்கள். மகள் வீட்டருகே கடைக்காரரிடம் விசாரித்தேன். தொட்டியில் இருப்பதெல்லாம் மெய்னிலிருந்தும் கனடாவிலிருந்தும் லாரியில் வருகிறது என்றார்.