மூழ்கிய வெள்ளி

நவஹோ வெள்ளி நகையை ஆதிகாலப் பழங்குடிக் கலை என்று விற்கிறார்கள். ஆதிகாலமாவது, மண்ணாவது! 1864இல் அமெரிக்கப் படை நவஹோக்களைக் கால்நடையாகவே போஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு விரட்டியது. 1868 ஒப்பந்தத்துக்குப்பின் ஊர் திரும்பியவர்களிடையேதான், மெக்சிகோக்காரர்களிடம் கற்ற இந்தத் தட்டார்வேலை பரவிற்று. விரட்டிய அரசின் டாலர் நாணயத்தையே உருக்கி வளையலாக்கினார்கள். டர்க்காய்ஸ் கல் பதித்தது அதற்கும் பிற்பாடு.

உடம்பில் கிடந்த நகைதான் வங்கி. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பருவம்வரை வெள்ளைக்கார வணிகனின் கடையில் அதை வைத்து மாவும் காப்பியும் வாங்கினார்கள். சடங்குக்குப் போட்டுக்கொள்ள இரவலாகத் தந்த கடைக்காரர்களும் உண்டு, தன் நகையையே! 'மூழ்கிப்போச்சு' என்கிறோமே, அதற்கு அங்கே 'செத்த அடகு' என்று பெயர். இன்றைக்கு 'பழைய அடகு' என்று சீட்டு ஒட்டினால் சேகரிப்பாளன் கூடுதலாகவே கொடுக்கிறான். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததென்று விற்பது குற்றமென 1990இல் சட்டம் வந்தது. அடகைப் பற்றி அதில் பேச்சில்லை.