வெயில் நாளுக்கு ஒரு கார்: மைனரின் உறவினர்கள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தேநீர் ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

கடந்த வாரம் இங்கிலாந்தில் தொழில் செய்யும் எமது பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். சிவப்பு நிறம், திறந்த கூரை, இரண்டே இரண்டு ஆசனம். பழைய எம்.ஜி.பி. கார். "சேர், இத வாங்கட்டா? வெயில் நாளையில மட்டும் ஓட" என்று கீழே எழுதியிருந்தார். மூன்று வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. கடன் எடுக்கவில்லை, வட்டி இல்லை, எல்லாம் கையில் இருக்கிறது.

நாம் கற்பிப்பது வரலாறு. கார் வியாபாரம் எமக்குத் தெரியாது. ஆனாலும் அவர் எம்மிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய வாப்பா எமது ஊரில் கராஜ் வைத்திருந்தவர், மௌத்தாகி வருடங்கள் ஆகின்றன. மொரிஸ் மைனரின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டரில் பிழை என்று சொல்லக்கூடிய மனுசன். அந்தக் கராஜின் வாசலில் மரப்பெட்டியில் உட்கார்ந்து கதை கேட்டுப் பின்னேரங்களைக் கழித்தவர்களில் நாமும் ஒருவர்.

ஊர்க் குழுவில் அந்தப் படத்தைப் பகிர்ந்தோம். "கூரையில்லாத வாகனத்துக்குக் காசு கொடுப்பது வீண்விரயம்" என்று ஒரு காக்கா உடனே எழுதிவிட்டார். எமக்கு வெயில் என்றால் குடை. அங்கே வெயில் என்றால் பெருநாள். அந்த வித்தியாசத்தை அவருக்குச் சொன்னோம். அவர் சமாதானமாகவில்லை. சரி, இந்தக் காரின் கதையையே எழுதிவிடுவோம் என்று நினைத்தோம். பணக்காரனின் விளையாட்டுப் பொருளாக இது பிறக்கவில்லை என்பதைக் காக்காவும் அறியவேண்டும். தம்பியின் கேள்விக்கான பதிலும் அந்தக் கதைக்குள்ளேதான் கிடக்கிறது.

எம்.ஜி. என்றதும் எம்மவர்களுக்கு எம்.ஜி.ஆர். ஞாபகம்தான் வரும். இது மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஒக்ஸ்போர்ட் நகரில் மொரிஸ் கார்களை விற்றுத் திருத்திக் கொடுத்த கராஜ் அது. 1922இல் அதன் பொறுப்பாளராக வந்தவர் செசில் கிம்பர். சாதாரண மொரிஸ் காரின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் அழகான உடலைப் பொருத்தி, கொஞ்சம் வேகமாக ஓடச் செய்து விற்றார். 1928 ஒக்டோபரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் எம்.ஜி. மிட்ஜெட் என்ற சின்னக் காரை வைத்தார். 847 சீ.சீ. எஞ்சின். உடல் பலகைச் சட்டமும் துணி உறையும். விலை 175 பவுண். அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்பது பிரபுக்களின் பிள்ளைகளுக்குரிய சாமான். இந்தக் கார் வந்த பிறகு மாதச் சம்பளக்காரனும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அதன் எஞ்சினும் அடிச்சட்டமும் எங்கிருந்து வந்தன தெரியுமா? மொரிஸ் மைனரிலிருந்து. இது எமது ஊர்ப் பெரியவர்கள் கண்ட மைனர் அல்ல, அதே பெயரில் 1928இல் வந்த அதன் மூத்தவர். எமக்குத் தெரிந்த மைனர் 1948இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது.

கிம்பரின் முடிவு சோகமானது. 1941இல் அவரைக் கம்பனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். 1945 பெப்ரவரியில் லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தில் மௌத்தானார். அந்த விபத்தில் இறந்தவர்கள் மொத்தம் இருவர்தான். அதே வருடம் யுத்தம் முடிந்து அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்.ஜி. டீ.சீ. என்ற கார் வெளிவந்து அமெரிக்கர்களின் மனதைப் பிடித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இனி 1958க்கு வருவோம். எமது மாணவர்களுக்கு 1958 என்றால் வேறு விடயங்கள் ஞாபகம் வரவேண்டும், அது வேறு பாடம். அந்த வருடம் மே மாதம் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற கார் வெளியானது. வரியோடு சேர்த்து ஏறத்தாழ 670 பவுண். டொனால்ட் ஹீலி என்பவர் மலிவு ஒன்றையே குறியாக வைத்து அதைச் செய்தார். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, உள்ளே கைவிட்டுத்தான் திறக்கவேண்டும். பின்பக்கம் டிக்கிக்கு மூடி கிடையாது, ஆசனத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துச் சாமானை இழுக்கவேண்டும். மடிந்து எழும் முன்விளக்குகளைத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். செலவு கூடியதால் பொனட்டின் மேலேயே நிலையாகப் பொருத்திவிட்டார்கள். அதனால் அது தவளைக் கண் என்று பெயர் வாங்கியது. காசு மிச்சம் பிடிக்கப்போய்க் கிடைத்த அந்த முகத்துக்காகவே இன்று அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்!

அதன் எஞ்சின் 948 சீ.சீ. ஒஸ்டின் ஏ35இலிருந்தும் மொரிஸ் மைனர் 1000இலிருந்தும் எமக்குத் தெரிந்த அதே ஏ-சீரிஸ் எஞ்சின், காபரேட்டர் மட்டும் இரண்டு. ஸ்டியரிங் ரெக் நேராக மைனருடையது. கொழும்பில் டாக்சியாக ஓடிய, எமது ஊரில் கலியாண மாப்பிள்ளையை ஏற்றி வந்த அந்த மைனரும் இந்த ஸ்பிரைட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. தம்பியின் வாப்பா இங்கிலாந்துக்குப் போயிருந்தால், ஒரு ஸ்பிரைட்டின் பொனட்டைத் திறந்ததும் சிரித்திருப்பார்.

1962இல் இரண்டு கார்கள் வந்தன. ஒன்று டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அதன் அடியில் இருந்தது ஹெரால்ட் என்ற குடும்பக் கார். மற்றது தம்பி படம் அனுப்பிய எம்.ஜி.பி. பதினெட்டு வருடங்களில் அது ஐந்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முடிவு கெட்ட நேரத்தில் வந்தது. 1970களில் அமெரிக்கா திறந்த கார்களையே தடைசெய்யப் போகிறது என்று எல்லோரும் பயந்தார்கள். அந்தத் தடை கடைசிவரை வரவேயில்லை. ஆனால் அந்தப் பயத்தில் பல கம்பனிகள் புதிய கார்களை வடிவமைப்பதை நிறுத்தின. எம்.ஜி.பி.க்கு 1974இல் கறுப்பு இறப்பர் பம்பரைப் பூட்டி, அமெரிக்கச் சட்டத்துக்காக உயரத்தையும் கூட்டினார்கள். வளைவில் திரும்பும் அழகு போயிற்று. 1979 செப்டெம்பரில் அபிங்டன் நகரம் எம்.ஜி. வந்து 50 வருடம் நிறைந்ததைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த அடுத்த நாளே உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 1980 ஒக்டோபரில் கதவு மூடப்பட்டது. ஒரு வேலைத்தலம் மூடப்படுவது என்றால் என்னவென்று வாழைச்சேனைக் கடதாசி ஆலையைப் பார்த்தவர்களுக்கு நாம் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதே 1979இல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் வேறொன்று நடந்தது. பொப் ஹோல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மஸ்டா கம்பனிக்குப் போயிருந்தார். அடுத்து எதைச் செய்யலாம் என்று கெனிச்சி யமமோட்டோ கேட்டார். பழைய ஆங்கிலேயக் கார் போல எளிமையான, மலிவான, காற்று முகத்தில் அடிக்கும் ஒன்றை இப்போது யாருமே செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள் என்றார் ஹோல். பின்னர் யமமோட்டோவை ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் ஹகோனே மலைப்பாதையில் ஓடிப் பார்க்க வைத்தார்கள். அவருக்கு விளங்கிவிட்டது. சிறிது காலத்தில் ஹோலே மஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்தார்.

1989 பெப்ரவரி 10ஆம் திகதி சிக்காகோ கண்காட்சியில் மஸ்டா எம்எக்ஸ்-5 அறிமுகமானது. அமெரிக்காவில் 13,800 டொலர். எஞ்சின் 1.6 லீட்டர், 323 என்ற குடும்பக் காரின் வரிசையிலிருந்து வந்தது. 323 யார் என்று கேட்கிறீர்களா? எமது வீதிகளில் ஓடும் பெமிலியாதான். கிம்பர் மைனரை வைத்துச் செய்ததை மஸ்டா பெமிலியாவை வைத்துச் செய்தது. ஒரேயொரு பெரிய வித்தியாசம், இது எண்ணெய் ஒழுகவில்லை. காலையில் திறப்பைப் போட்டால் ஓடியது. 2000ஆம் ஆண்டில் 531,890 கார்களோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம்.

இந்தக் கார்கள் எல்லாமே குடும்பக் காரின் எஞ்சினில் ஓடுபவை. ஆகவே வாங்குபவனை எஞ்சின் கெடுப்பது குறைவு. எஞ்சினைத் திருத்தலாம், மாற்றலாம், சாமான் கிடைக்கும். கெடுப்பது துரு. கூரை உள்ள காரில் கூரையும் பாரத்தைத் தாங்கும். கூரையை எடுத்துவிட்டால் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிப்பகுதிதான் காரை நடுவில் மடியாமல் பிடித்து வைத்திருக்கும். எம்.ஜி.பி.யில் அது பல தகடுகளால் ஆனது. உள்ளே அரித்துப்போயிருக்க, வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும். காரை ஜக் போட்டுத் தூக்கிக்கொண்டே கதவைத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். கதவு இறுகினால் அந்தக் காருக்கு முதுகெலும்பு இல்லை. அதில் ஏறி வேகவீதியில் போவது உயிரோடு விளையாடுவது.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. வீதி வரியும் இல்லை. விளம்பரத்தில் இதைப் பெரிய இலாபமாகப் போட்டிருந்தார்கள். நாம் அதை வேறுவிதமாக வாசித்தோம். அரசாங்கத்தின் கண் அந்தக் காரின் அடிப்பக்கத்தைப் பல வருடம் பார்க்காமலே இருந்திருக்கலாம். எம்எக்ஸ்-5க்கோ பரிசோதனை வருடாவருடம் உண்டு. வாகன இலக்கத்தை இணையத்தில் போட்டால் பழைய முடிவுகள் இலவசமாக வரும். துரு என்று முன்னொரு வருடம் எழுதி, அடுத்த வருடம் அந்தக் குறிப்புக் காணாமல் போயிருந்தால், யார் எப்படித் திருத்தினார்கள் என்று கேட்கவேண்டும். ஒட்டினார்களா, பூசி மறைத்தார்களா?

எம்எக்ஸ்-5க்கும் துரு வரும், மறைக்கத் தேவையில்லை. துணிக் கூரையில் விழும் மழைநீர் ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு துளைகள் வழியே வெளியேற வேண்டும். இலை குப்பை அடைத்தால் அந்தத் தண்ணீர் சில்லுக்குள் தேங்கும். பின்சக்கர வளைவு முதலில் போகும். 1998க்குப் பின் வந்த இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சட்டக் கால்களையும் படுத்துக் கிடந்து பார்க்கவேண்டும். அங்கே மாரியில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று கடற்கரை ஊரான எமக்கா தெரியாது?

டொயோட்டா எம்ஆர்2, 1995இல் வந்த எம்.ஜி.எஃப். என்று வேறு பெயர்களையும் தம்பி கேட்டார். எம்.ஜி.எஃப். என்றால் ஹெட் கெஸ்கட் மாற்றிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குமேல் எமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

உதிரிப்பாகம் பற்றிப் பயப்படத் தேவையில்லை. எம்.ஜி.பி.யின் முழு உடலையே பழைய அச்சுகளில் 1988 முதல் மீண்டும் அடித்து விற்கிறார்கள். மஸ்டாவும் 2017 கடைசியில் முதல் தலைமுறைக் கார்களைத் தானே புதுப்பித்துக் கொடுக்கும் சேவையைத் தொடங்கியது. மைனரின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் பாத் நகரிலிருந்த மைனர் நிலையம் ஒன்றின் உரிமையாளர் சார்ல்ஸ் வெயார், அந்தக் காரின் பாகங்களைச் செய்விக்க வந்தது எமது இலங்கைக்கு. ஆங்கிலேயனின் காருக்கு எமது நாட்டுத் தொழிலாளியின் கை தகடு அடித்தது. இதை வகுப்பில் சொன்னபோது பின்வாங்குப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆகவே எமது பதில்: வாப்பாவின் கை அவரிடம் இருந்திருந்தால் எம்.ஜி.பி.யை வாங்கச் சொல்லியிருப்போம். வெல்டிங் தெரிந்தவனுக்கு அது நல்ல துணை. தம்பி கணினி முன்னால் இருந்து உழைப்பவர், கராஜுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பவுணில் போகும். கையில் உள்ள காசு முழுவதையும் காருக்கே கொடுக்காமல் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கு ஒதுக்கி வைத்து, துருப்பிடிக்காத எம்எக்ஸ்-5 ஒன்றைப் பார்க்கச் சொன்னோம். நிறத்தைப் பார்க்காதே, அடியைப் பார் என்றோம். "வாப்பாவும் இதத்தான் சொல்லியிருப்பார் சேர்" என்று எழுதினார். அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாம் பதில் எழுதவில்லை.

போன சனிக்கிழமை முதலாவது காரைப் பார்த்திருக்கிறார். வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கியதாம். ஆசனத்துக்குப் பின்னால் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றியபோது கீழே ஒரு சொட்டும் வரவில்லை. சலாம் சொல்லாத குறையாகத் திரும்பிவிட்டார்.

இரண்டாவதை வருகிற சனிக்கிழமை பார்க்கப்போகிறார். அன்று மழை என்று வானிலை அறிக்கை சொல்கிறதாம், வேறு நாள் போகட்டுமா என்று கேட்டார். மழைக்குள்ளேயே போகச் சொன்னோம். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.