புள்ளி நாய்க்கு ஏன் காது கேட்பதில்லை?

வெள்ளை உடம்பு, அதில் மை தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். டால்மேஷன் நாயை நேரில் பார்க்காதவர்கள்கூட டிஸ்னி படத்தில் பார்த்திருப்பார்கள். ஆனால் இந்த நாயைப் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷன்களைச் சோதித்துப் பார்த்தபோது, 100க்குச் சுமார் 8 நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. இன்னும் 22 நாய்களுக்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை. பத்தில் மூன்று!

இது தொற்றுநோயால் வந்த குறை இல்லை, பிறவிக் குறை. அழகு என்று மனிதர்கள் நினைத்த ஒரு நிறத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததற்கு நாய் கொடுத்த விலை. அந்தக் கதையைப் பார்ப்போம்.

வண்டியோடு ஓடிய நாய்

இங்கிலாந்தில் டால்மேஷன்கள் பணக்காரர்களின் குதிரை வண்டிகளோடு ஓடின. அமெரிக்காவில் குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டிகளுக்கு முன்னே ஓடி வழி ஏற்படுத்தின. மோட்டார் வண்டி வந்ததும் அந்த வேலை போய்விட்டது. மிஞ்சியது நாய்க் கண்காட்சி மேடைதான்.

1890இல் இங்கிலாந்தில் டால்மேஷன் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல டால்மேஷன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதிகள் உருவாயின. புள்ளிகள் வட்டமாக, தனித்தனியாக இருக்க வேண்டும். பிறக்கும்போதே காதிலோ முகத்திலோ பெரிய கறுப்புத் திட்டு இருந்தால் அது குறை. அமெரிக்க விதிப்படி அப்படிப்பட்ட நாய் போட்டியிலிருந்தே நீக்கப்படும். இந்தத் திட்டு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

நீலக் கண் உள்ள பூனைகளுக்குக் காது கேட்பதில்லை என்று டார்வின் 1859இலேயே எழுதியிருக்கிறார். 1896இல் ராவிட்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர், நீலக் கண் கொண்ட வெள்ளை நாய் ஒன்றின் காதையும் மூளையையும் ஆராய்ந்து எழுதினார்.

காரணம் பின்னால்தான் தெளிவானது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதல்ல. ஒலியை உணரும் செல்கள் உயிரோடு இருக்கத் தேவையான சூழலை அவைதான் காக்கின்றன. உடம்பை வெள்ளையாக்கும் மரபணு இந்தச் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களில் ஒலியுணரும் செல்கள் அழிந்துவிடும். மறுபடி வளராது.

கைதட்டிப் பார்த்த காலம்

முன்பெல்லாம் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று எப்படிப் பார்த்தார்கள்? பின்னால் நின்று கைதட்டுவார்கள், பாத்திரத்தைத் தட்டுவார்கள். ஆனால் குட்டிகள் கெட்டிக்காரர்கள். பக்கத்தில் படுத்திருக்கும் குட்டி திரும்பினால் செவிட்டுக் குட்டியும் திரும்பும். தரையின் அதிர்வு, காற்றின் அசைவு எல்லாம் அதற்குச் சேதி சொல்லும்.

ஒரு காது மட்டும் கேட்காத நாயைக் கண்டுபிடிக்கவே முடியாது. அது மற்ற நாய்களைப் போலவே இருக்கும். கண்காட்சியில் பரிசு வாங்கும், பிறகு இனப்பெருக்கத்துக்குப் போகும், குறையையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். இரண்டு காதும் கேட்காத குட்டிக்கோ பெரும்பாலும் மரணம்தான். அதைக் கருணைக்கொலை செய்துவிட வேண்டும் என்பதே அமெரிக்க டால்மேஷன் சங்கத்தின் நிலைப்பாடாக நெடுங்காலம் இருந்தது. குட்டியைத்தான் அகற்றினார்கள், குறையை அல்ல.

1980களில் 'பேயர்' சோதனை பரவியது. குட்டியின் தலையில் மெல்லிய ஊசி மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் 'டிக் டிக்' ஒலி கொடுத்து, மூளைக்குப் போகும் மின்சைகையைக் கணினியில் பார்ப்பார்கள். ஐந்தாறு வாரக் குட்டிக்கே செய்யலாம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் இப்படித்தான் தகவல்களைத் திரட்டினார்.

முடிவு? நீலக் கண் உள்ள டால்மேஷன்களிடம் செவிட்டுத்தன்மை அதிகம். பிறவித் திட்டு உள்ளவற்றிடம் குறைவு. அதாவது, காது கேட்க அதிக வாய்ப்புள்ள நாயைத்தான் அழகு விதி மேடையை விட்டு இறக்கியது!

படம் ஏற்படுத்திய பாதிப்பு

டோடி ஸ்மித்தின் நாவல் 1956இல் வந்தது. டிஸ்னியின் கார்ட்டூன் படம் 1961இல், நிஜ நாய்கள் நடித்த படம் 1996இல் வந்தன. குழந்தைகள் கேட்டார்கள், பெற்றோர் வாங்கினார்கள். கிராக்கி கூடியதும் சோதனை எதுவும் இல்லாமல் குட்டி போடவைத்து விற்பவர்கள் புகுந்தார்கள். ஓடி ஓடிப் பழகிய இந்த இனத்தை வீட்டுக்குள் சமாளிக்க முடியாமல், பல நாய்கள் விலங்குக் காப்பகங்களில் விடப்பட்டன.

பார்வையும் போகும்

காதோடு கண்ணையும் பறிக்கும் நிறம் ஒன்று உண்டு. காலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் காணப்படும் 'மெர்ல்' என்ற சாம்பல் திட்டு நிறம் அது. தாய், தகப்பன் இரண்டும் மெர்லாக இருந்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாகக் கிடைக்கும். அது பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். பல குட்டிகளுக்குக் காது கேட்காது. சிலவற்றுக்குக் கண் சிறுத்து, பார்வையே இருக்காது.

இந்த மரபணு மாற்றத்தை டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு 2006இல் கண்டறிந்தது. பார்த்தால் மெர்ல் என்று தெரியாத நாயையும் அதன்பின் மரபணுச் சோதனையில் பிடிக்க முடிந்தது. இரண்டு மெர்ல்களுக்குப் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதை பிரிட்டிஷ் கென்னல் கிளப் 2013இல் நிறுத்தியது.

சேர்ந்து வாழ்வது

பிறந்துவிட்ட நாய்களை என்ன செய்வது? வளர்க்கலாம், நன்றாகவே வளர்க்கலாம். காது கேட்காத நாய் கை சைகைகளை வேகமாகக் கற்றுக்கொள்ளும். அதைக் கூப்பிட, தரையைக் காலால் தட்டலாம், விளக்கை அணைத்துப் போடலாம். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயந்து கடிக்கலாம். அதனால் மூக்கருகே கையை வைத்து, வாசனை காட்டி எழுப்ப வேண்டும். வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் தெருவில் கயிறில்லாமல் விடவே கூடாது.

கண் தெரியாத நாய் வீட்டை மனதில் வரைந்து வைத்திருக்கும். மேசை, நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், அதன் கழுத்தில் மணி கட்டினால் போதும்.

நம் ஊரிலும்

பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த ராஜபாளையம் நாயின் அடையாளம் இதுதான். அந்த இனத்திலும் காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன. 'சுத்த வெள்ளைதான் அசல்' என்று கேட்டு வாங்குபவர்கள், 'காது சோதித்தீர்களா?' என்றும் கேட்க வேண்டும்.

கேட்டால் பலன் உண்டா? உண்டு. நார்வேயில் நீலக் கண் டால்மேஷன்களை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கியபோது செவிட்டுத்தன்மை குறைந்தது. பிரிட்டனிலும் சோதித்து, பெற்றோரைத் தேர்ந்தெடுத்து வந்ததில், 1990களில் இருந்ததைவிட இப்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது.

மனிதனின் ரசனை உண்டாக்கிய குறையை மனிதனின் பொறுப்பால் குறைக்க முடியும். வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.