வென்றவரின் கையெழுத்து

சில நாட்களாக ஒரு புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1936 ஆகஸ்ட் 9, பெர்லின் ஒலிம்பிக் மைதானம். மாரத்தான் ஓட்டத்தில் வென்ற மூவர் மேடையில் நிற்கிறார்கள். முதலிடத்தில் நிற்பவர் தலை குனிந்திருக்கிறார். தங்கப் பதக்கம் பெற்றவர்களுக்கெல்லாம் ஜெர்மானியர்கள் அந்த வருஷம் கொடுத்த ஓக் மரக் கன்று அவர் கையில் இருக்கிறது. அதை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். மூன்றாம் இடத்துக்காரரும் தலை குனிந்திருக்கிறார். விஷயம் தெரியாதவர்களுக்கு இது வெற்றியில் அடக்கம் என்றுதான் படும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அப்படியொரு வாசகத்துடன் இதை அச்சிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்தக் கன்று மறைத்துக்கொண்டிருப்பது பனியனில் இருந்த ஜப்பானியக் கொடியை. ஓடியவர் கொரியர். பெயர் சோன் கீ-ஜோங். ஒலிம்பிக் பதிவேட்டில் அவர் கிதேய் சோன், ஜப்பான். அதே சீன எழுத்துக்களை ஜப்பானிய உச்சரிப்பில் வாசித்தால் கிடைக்கும் பெயர் அது. மூன்றாவதாக வந்த நாம் ஸுங்-யோங்கும் கொரியர்தான். சோனின் தங்கத்தைக் கண்டு தனக்குப் பொறாமை இல்லை, மார்பை மறைத்துக்கொள்ள அவருக்கு ஒரு செடி கிடைத்ததே என்றுதான் பொறாமை என்று இவர் பின்னாளில் சொன்னதாகச் சொல்வார்கள்.

விளையாட்டில் தேசப் பெருமை என்பதைப் பற்றி நம்மிடையே பேசப்படுவது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. கொடியைக் கண்டதும் புல்லரித்துப்போவது ஒன்று. இலக்கியக்காரனுக்கு இதெல்லாம் கீழான சமாச்சாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது மற்றொன்று. இந்தப் படம் இரண்டுக்கும் இடங்கொடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

*

சோன் 1912ல் யாலு நதிக்கரையிலுள்ள ஸினூயிஜுவில் பிறந்தவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1910 ஆகஸ்ட் 29ல், ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டுவிட்டது. அவர் பிறக்கும்போதே அவருடைய நாடு இல்லை. 1935 நவம்பரில் டோக்கியோவில் 2 மணி 26 நிமிஷம் 42 வினாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அதற்குப் பிறகு அவரை விட்டுவிட்டு ஒரு மாரத்தான் குழுவை அனுப்புவது ஜப்பானுக்கே நஷ்டம்.

பெர்லினில் ஆரம்பத்திலேயே முன்னால் பாய்ந்தவர் 1932ல் வென்ற அர்ஜென்டினாவின் ஸபாலா. அவரைத் துரத்தவேண்டாம், தானாகவே களைத்துப்போவார் என்று சோனுக்கு உணர்த்தியவர் கூட ஓடிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் எர்னி ஹார்ப்பர். அப்படியே நடந்தது. ஸபாலா வழியிலேயே விலகிக்கொண்டார். சோன் 2 மணி 29 நிமிஷம் 19 வினாடியில் முடித்தார். யோசனை சொன்ன ஹார்ப்பருக்கு இரண்டாமிடம். தேசங்களின் பந்தயம் என்று எழுதப்பட்ட ஓட்டத்துக்குள்ளே இப்படியும் ஒரு காரியம் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

பெர்லினில் கையெழுத்துக் கேட்டவர்களுக்கு சோன் கொரிய எழுத்தில் போட்டுக்கொடுத்தார். பக்கத்தில் கொரியா என்றும் எழுதினார்.

நான் வங்கியில் குமாஸ்தா. கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து வருஷத்துக்கு மேலாக என் வேலையில் ஒரு பகுதி. முன்பெல்லாம் அதற்கு அட்டை இருந்தது, இப்போது திரை. செக்கில் உள்ள கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் பணம் கிடையாது. அந்த ஆளே கவுண்டருக்கு முன்னால் நின்று, நான்தானய்யா அது என்று மன்றாடினாலும் கிடையாது. நிறுவனத்துக்கு ஆள் முக்கியமில்லை, மாதிரிதான் முக்கியம். தன் உடம்பைக் காட்டி வேறொருவர் திறந்த கணக்கில் தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டார் சோன். ஒத்துப்போகவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் பதிவேட்டில் அந்தத் தங்கம் இன்றும் ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது.

*

கொரியாவில் அந்தச் செய்தி என்ன செய்தது என்பதில் நமக்கு அக்கறைப்பட ஒரு காரணம் இருக்கிறது. ஷிம் ஹுன் என்று ஒரு கவிஞர். நாவலும் எழுதியவர். 1932ல் அவர் கொண்டுவர நினைத்த கவிதைத் தொகுப்பைத் தணிக்கை அனுமதிக்கவில்லை. சோன் வென்ற செய்தியோடு வந்த சிறப்புப் பதிப்பு ஆகஸ்ட் 10 விடியலில் அவர் கைக்கு வந்தது. அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே ஒரு கவிதை எழுதினார். அடுத்த மாதம் 16ந் தேதி டைபாய்டில் இறந்துபோனார். வயது 35. தொகுப்பு 1949ல்தான் வெளிவந்தது.

அது உரத்த கவிதை. இன்று நம் பத்திரிகைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் அது எழுதப்பட்ட இடத்தை யோசித்துப் பார்க்கிறேன். முன்பக்கத்தில் அரசு அனுமதித்த செய்தி. அதில் வென்றவர் ஜப்பானியர். பின்பக்கத்தில் வெற்றுத்தாள். அதில் அவர் கொரியர். கவிதையின் இடம் எது என்று நாம் எத்தனையோ பக்கங்கள் வீணாக்கியிருக்கிறோம். ஷிம் ஹுனுக்கு அது செய்தித்தாளின் முதுகாக இருந்தது.

ஆகஸ்ட் 25ல் டோங்-ஆ இல்போ நாளிதழ் சோன் மேடையில் நிற்கும் படத்தை வெளியிட்டது. அதில் மார்பிலிருந்த கொடியைக் காணோம். அழித்திருந்தார்கள். விளையாட்டு நிருபர் யி கில்-யோங், பத்திரிகையின் ஓவியர் யி ஸாங்-போம் உட்படப் பலர் கைதானார்கள். ஆகஸ்ட் இறுதியில் நிறுத்தப்பட்ட பத்திரிகை 1937 ஜூனில்தான் மறுபடி வந்தது. இதே காரியத்தைச் செய்த இன்னொரு பத்திரிகை மீண்டு எழவேயில்லை. நாடு திரும்பிய சோனைப் போலீஸ் கண்காணித்தது. பிறகு டோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கொடுத்தார்கள். இனிமேல் ஓடக்கூடாது என்பது நிபந்தனை.

கொடியை ஏற்றியதற்காகத் தண்டனை பெற்றவர்களின் கதைகள் நமக்கு நிறையத் தெரியும். இவர்கள் எதையும் ஏற்றவில்லை. ஏற்றுவதற்குக் கொடி இருக்கவில்லை. மேலே ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டு வெறும் மார்பைக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

*

ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்த விஷயத்தில் உடனே ஞாபகம் வருவது ஆர்வெல் 1945ல் எழுதிய கட்டுரை. மாஸ்கோ டைனமோ கால்பந்துக் குழு பிரிட்டனுக்கு வந்துபோனதையொட்டி எழுதியது. நாடுகளுக்கிடையே நடக்கும் போட்டிகள் நட்பை வளர்ப்பதில்லை, பகையைத்தான் வளர்க்கின்றன என்பது அவர் கட்சி. பெர்லின் ஒலிம்பிக்ஸையும் அதில் உதாரணம் காட்டுகிறார். நானும் நெடுநாள் அந்தக் கட்டுரையை வேதமாகக் கொண்டிருந்தேன்.

ஆனால் ஆர்வெலின் இன்னொரு கட்டுரை இருக்கிறது. யானையைச் சுட்ட கதை. அது வெளியானதும் 1936ல்தான். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தபோது கால்பந்து ஆட்டத்தில் ஒரு பர்மாக்காரன் தன் காலை இடறிவிட்டதையும், நடுவராக இருந்த பர்மாக்காரன் வேறுபக்கம் பார்த்ததையும், கூட்டம் சிரித்ததையும் அதில் ஆரம்பத்திலேயே சொல்கிறார். வெள்ளைக்கார அதிகாரியை ஒரு பர்மாக்காரன் கீழே தள்ளிவிட்டுத் தப்பிக்கக்கூடிய இடம் அந்த ஊரில் மைதானம் ஒன்றுதான். 1936ல் இதை ஸ்பஷ்டமாகப் பார்த்த ஆர்வெல், 1945ல் எல்லாத் தேசியத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். பெயர் பறிபோனவன் பெயரைக் கேட்பதும், உலகப்படத்தில் தன் நிறத்தைப் பூசிவிட்டவன் மைதானத்திலும் அதையே பூச நினைப்பதும் அவருக்கு ஒன்றாகிவிட்டது. இவை இரண்டும் வெவ்வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்முடைய கதையும் அதே பெர்லினில் இருக்கிறது. சோன் ஓடிய ஆறாவது நாள், ஆகஸ்ட் 15ல், ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தது. அதிகாரபூர்வமான கொடி பிரிட்டிஷ் இந்தியாவினுடையது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை வெளியே எடுக்க, எல்லோரும் வணங்கிவிட்டு இறங்கினார்கள் என்று தியான்சந்த் எழுதியிருக்கிறார். அவருடைய சுயசரிதை 1952ல் சென்னையில் ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் வெளியீடாக வந்தது. வணங்கிய தியான்சந்த் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய். ஆனாலும் நம்முடைய நிலைமை சோனுடையதல்ல. அடிமை நாடாக இருந்தும் இந்தியாவுக்கு இந்தியா என்ற பெயரில் ஆட இடமிருந்தது. ஆகவே அந்தத் தங்கம் இன்று நம் கணக்கில் இருக்கிறது.

யாருடைய 'நம்' என்று கேட்கவேண்டும். அந்தக் குழுவில் ஆடிய அலி தாரா 1948ல் லண்டனில் பாகிஸ்தான் ஹாக்கிக் குழுவின் தலைவர். அவர் உடம்பு அதேதான். மட்டை பிடித்த கையும் அதேதான். பன்னிரண்டு வருஷத்தில் அவர் 'நாம்' இல்லை. 'அவர்கள்' ஆகிவிட்டார்.

*

கொடி கிடைத்த பிறகு இந்தப் பெருமை என்ன ஆகிறது என்பதைக் கொரியாவிலும் பார்க்கலாம். சோன் பயிற்சி கொடுத்த ஸு யுன்-போக் 1947ல் பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 25 நிமிஷம் 39 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். கொரியர் என்றே ஓடினார். அடுத்த வருஷம் கொரியா இரண்டு அரசுகளாகிவிட்டது. சோன் பிறந்த ஸினூயிஜு வடக்கே போய்விட்டது, அவர் தெற்கே. 1950 யுத்தத்தில், கொடியை அழித்ததற்காகச் சிறை சென்ற நிருபர் வடக்கே கொண்டுசெல்லப்பட்டார். 1988ல் ஸியோல் ஒலிம்பிக்ஸின் தொடக்க விழாவில் தீபத்தை ஏந்திக்கொண்டு சோன் மைதானத்துக்குள் துள்ளி ஓடிவந்தார். வட கொரியா அந்த ஒலிம்பிக்ஸுக்கு வரவில்லை. அவரைப் பெற்ற ஊருக்கு அது எதிரியின் விழா.

1970ல் தென் கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பெர்லின் மைதானத்தில் வெற்றியாளர் பெயர்கள் பொறித்த கல்லில் சோனுக்கு நேரே இருந்த ஜப்பான் என்ற சொல்லைச் செதுக்கி எடுத்துவிட்டுக் கொரியா என்று பொறித்தார். நிர்வாகம் மறுபடி ஜப்பான் என்று பொறித்துவிட்டது. 1936ல் அழித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1970ல் செதுக்கியவரின் பின்னால் ஒரு அரசு இருந்தது. கோரிக்கை ஒன்றுதான், நியாயமும் ஒன்றுதான். இருந்தாலும் உளியின் சப்தம் எனக்கு வேறுமாதிரிக் கேட்கிறது.

இதற்கு நடுவே ஒரு தலைக்கவசம். மாரத்தானில் வெல்பவருக்கென்று கிரேக்கப் பத்திரிகை ஒன்று கொடுத்த பரிசு. கிறிஸ்துவுக்கு ஆறு நூற்றாண்டு முந்தையது, ஒலிம்பியாவில் ஜெர்மானியர் தோண்டி எடுத்தது. அமெச்சூர் விதிகளைக் காட்டி அதைச் சோனுக்குக் கொடுக்காமல் பெர்லினிலேயே ஒரு அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து 1986ல் கைக்கு வந்தது. மறு வருஷம் அதைக் கொரிய அரசு தேசத்தின் பாதுகாக்கப்பட்ட பொக்கிஷங்களில் 904ம் எண்ணாகப் பதிவு செய்தது. கிரேக்கன் செய்த வெண்கலம். ஜப்பான் கணக்கில் ஓடிச் சம்பாதித்தது. தேசம் எதையெல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல தஸ்தாவேஜு இல்லை. எழுதிக்கொண்டதில் தவறும் இல்லை.

*

இதுவரை சொன்னது தூரத்து விஷயம். நம்மைச் சார்ந்ததையும் சொல்லிவிடவேண்டும்.

2021 அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை, துபாயில் இருபது ஓவர் உலகக் கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தான் இந்தியாவைப் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது. பதினோரு பேர் தோற்ற ஆட்டத்துக்கு முகமது ஷமி ஒருவரைத் துரோகி என்று ஏசினார்கள். மறுநாள் காலை எங்கள் கிளையில், கேஷ் கவுண்டரில் இருந்த நண்பரைப் பார்த்து ஒருவர், "என்ன பாய், நேத்து வீட்ல பிரியாணியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நண்பர் லேசாகப் புன்னகை செய்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நோட்டுக் கட்டை எண்ணினார். எண்ணி முடித்த கட்டையே மறுபடி எண்ணினார்.

மத்தியானம் டீக்கடையில் என்னிடம் மட்டும் சொன்னார்: "ரோஹித் மொதப் பந்துலயே போனதும் எனக்குச் சோறு எறங்கல, தோழர். அதை அங்க சொல்லியிருந்தா, நல்லா நடிக்கிறான்னு சொல்லியிருப்பாங்க."

1990ல் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி, ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் யார் என்று தெரிந்துவிடும் என்றார். கிரிக்கெட் பரீட்சை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்த வெள்ளைக்காரப் பரீட்சையை நாங்கள் ஒரு கிளை அலுவலகத்தில், காலை பத்து மணிக்கு, வேடிக்கையாக நடத்தி முடித்தோம். பரீட்சைக்கு உட்பட்டவர் தேறவும் முடியாது. சந்தோஷப்பட்டால் துரோகி, துக்கப்பட்டால் நடிகர்.

சோனும் ஷிம் ஹுனும் அந்த நிருபரும் கேட்டது தங்கள் பெயரை. நாங்கள் கேட்டது அடுத்தவர் முகத்தை. இரண்டையும் தேசப் பெருமை என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம் என்பதுதான் என் தகராறு. 1992 ஆகஸ்ட் 9, சோன் வென்ற அதே தேதி, பார்சிலோனா மாரத்தானில் ஹ்வாங் யோங்-ஜோ ஜப்பானியரை இரண்டாமிடத்துக்குத் தள்ளிக் கொரியர் என்ற பெயரிலேயே தங்கம் வாங்கியதை, எண்பதை நெருங்கிய சோன் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தார் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆனால் பெர்லின் படத்தை இப்போது பார்க்கும்போதெல்லாம் கூடவே நோட்டுக் கட்டும் தெரிகிறது. அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லாமல் ஓக் கன்றைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை யோக்கியமாக இருந்திருக்காது.