பேரம் பேசிய வள்ளல்

தஸ்தாயெவ்ஸ்கி என்றதும் நம் மனத்தில் எழும் முகம் ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் முழங்காலைச் சுற்றிக் கோத்துக்கொண்டு, தொளதொளத்த கோட்டுக்குள் ஒடுங்கி, நம்மைப் பார்க்காமல் எங்கோ தாழப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். புத்தக அட்டைகளில் எத்தனையோ முறை பார்த்த அந்த முகத்தை 1872-இல் தீட்டியவர் வசீலி பெரோவ். அதற்காகவே அவரை மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் வரை அனுப்பிவைத்தவர் ஒரு துணி வியாபாரி. டால்ஸ்டாய்க்கு நாம் அறிந்த தாடியும் நீலச் சட்டையும் கொண்ட உருவத்தைக் கொடுத்த ஓவியத்துக்குப் பின்னாலும் அதே ஆள்தான் இருக்கிறார். பெயர் பாவெல் மிகைலவிச் திரெத்யாகோவ்.

1832-இல் மாஸ்கோ ஆற்றின் தென்கரையில், வணிகர்கள் வாழ்ந்த ஸாமஸ்க்வரேச்சியே பகுதியில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டிலேயே படிப்பு. பதினேழு, பதினெட்டு வயதில் தந்தை இறந்துவிட, கடையும் கணக்கும் மெல்ல மெல்ல அவர் கைக்கு வந்தன. தம்பி செர்கேயும் மைத்துனரும் கூட்டுச் சேர, 1866-இல் கஸ்த்ரமாவில் லினன் ஆலை தொடங்கினார்கள். அது ரஷ்யாவின் பெரிய லினன் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. வியாபாரத்தைப் பற்றி இவ்வளவு போதும். கெட்டிக்கார வியாபாரிகள் மாஸ்கோவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

படம் வாங்கும் பழக்கம் 1854-இல் சுகாரெவ் சந்தையில் தொடங்கியது. முதலில் வாங்கியவை பழைய டச்சு ஓவியங்கள். எது அசல், எது போலி என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த ஒரு கொள்முதலிலேயே அவருக்கு உறைத்துவிட்டது. அதன்பிறகு அவர் தேர்ந்துகொண்டது உயிரோடு இருக்கும் ரஷ்ய ஓவியர்களை. தீட்டியவர் கையிலிருந்தே நேராக வாங்கினால் ஐயத்துக்கு இடமில்லை. கலைத் தத்துவம் எதையும் படித்து அவர் இங்கே வந்து சேரவில்லை. சரக்கை எங்கே வாங்க வேண்டும் என்பது தெரிந்த வியாபாரியின் முடிவு அது. 1856-இல் ஷில்டர், குத்யகோவ் என்ற இரண்டு ரஷ்ய ஓவியர்களின் படங்களை வாங்கினார். அந்த ஆண்டைத்தான் திரெத்யாகோவ் காட்சிக்கூடம் தன் பிறப்பாண்டாகக் கொள்கிறது.

நான்கே ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிளம்பும் முன் ஓர் உயில் எழுதினார். இன்னும் மணமாகவில்லை, முப்பது வயதும் ஆகவில்லை. தன் மூலதனத்தில் பாதிக்கும் மேலான 1,50,000 வெள்ளி ரூபிளை, மாஸ்கோவில் எல்லோரும் பார்க்கக்கூடிய ஓர் ஓவியக்கூடம் அமைக்க ஒதுக்கியிருந்தார். முதுமையில் புண்ணியம் தேடிக் கொடுப்பவர்கள் உண்டு. இவரோ சம்பாதிக்கத் தொடங்கும்போதே கொடுப்பதற்குக் கணக்கு எழுதிவைத்துவிட்டார்.

கொடுக்கப்போகும் பணம் என்பதால் அதை மிகக் கறாராகச் செலவழித்தார். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பேரம் பேசும் வள்ளல் கொஞ்சம் விசித்திரமாகத்தான் படுவார். ஓவியர்களோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தைப் பார்த்தால், விலையைக் குறைத்துக் கேட்காத கடிதம் அரிது என்றே தோன்றும். வாங்குவது எனக்காக அல்ல, எல்லோருக்குமாக என்பது அவர் வாதம். ஓவியர்கள் முணுமுணுத்தாலும் குறைத்துக்கொண்டார்கள். காரணம், அவர் கூடத்தில் தொங்குவதே ஒரு தகுதிச் சான்றாகிவிட்டது. 1870-இல், கலைக் கழகத்தின் பிடியிலிருந்து விலகிய ஓவியர்கள் ஊர் ஊராகக் கண்காட்சி கொண்டுசெல்லும் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அவர்களுடைய மிக உறுதியான வாடிக்கையாளர் திரெத்யாகோவ்தான். கண்காட்சி திறக்கும் முன்பே ஓவியர்களின் பட்டறைகளுக்குப் போய், நல்லதைப் பேசி முடித்துவிடுவார்.

டால்ஸ்டாய் விஷயத்தில் பணம் செல்லுபடியாகவில்லை. 1869-இலேயே உருவப்படத்துக்கு உட்காரும்படி நண்பர் மூலம் கேட்டுப் பார்த்தார். முடியாது என்று பதில் வந்தது. 1873 கோடையில் ஓவியர் இவான் கிராம்ஸ்கோய், டால்ஸ்டாய் வாழ்ந்த யாஸ்னயா பொல்யானாவுக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தபோது, திரெத்யாகோவ் மறுபடி தூண்டினார். கிராம்ஸ்கோய் நேரே போய்க் கேட்டார். டால்ஸ்டாய் மறுத்தார். எப்படியும் பிற்காலத்தில் உங்கள் படத்தை யாராவது தீட்டத்தான் போகிறார்கள், அப்போது உரிய காலத்தில் தீட்டாமல் விட்டோமே என்று எல்லோரும் வருந்துவார்கள் என்று கிராம்ஸ்கோய் எடுத்துச் சொன்னார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது: குடும்பத்துக்கு ஒன்று, மாஸ்கோவுக்கு ஒன்று என இரண்டு படங்கள். உட்கார்ந்திருந்தவர் அப்போது 'அன்னா கரேனினா' எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாவலில் வரும் ஓவியர் மிகைலோவிடம் கிராம்ஸ்கோயின் சாயல் இருப்பதாக விமர்சகர்கள் சொல்வதுண்டு. அமர்வுகளில் யார் யாரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கேள்விதான்!

இப்படி நாட்டின் புகழ்பெற்றவர்களைத் தீட்டவைத்த உருவப்பட வரிசையில் திரெத்யாகோவின் விருப்பம் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. பிற்போக்குப் பத்திரிகையாளர் கத்கோவின் படத்தைத் தீட்டித் தரும்படி இலியா ரெப்பினிடம் கேட்டபோது, நாட்டுக்காகப் பாடுபட்டவர்கள் நடுவே அந்த ஆளா என்று ரெப்பின் கொதித்துக் கடிதம் எழுதினார். பேச்சு அத்தோடு நின்றது. திரெத்யாகோவ் பக்தியுள்ளவர், பழமையில் பற்றுள்ளவர். அவர் சுவரில் தொங்கியவையோ அரசையும் திருச்சபையையும் நெளியவைத்த படங்கள். இந்த முரண்தான் அவரை எனக்குப் பிடித்தவராக்குகிறது.

1874-இல் வசீலி வெரெஷ்சாகினின் துர்கிஸ்தான் படங்கள் விற்பனைக்கு வந்தன. ரஷ்யப் படைகள் மத்திய ஆசியாவில் நடத்திய போரை நேரில் கண்டவர் தீட்டியவை. மண்டையோடுகள் குவிந்து கிடக்கும் 'போரின் உச்சப் பெருமை' அவற்றில் ஒன்று. தளபதிகளுக்கு ஆத்திரம். தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பவை ஓவியரின் நிபந்தனைகள். திரெத்யாகோவ் 92,000 ரூபிள் கொடுத்து மொத்தமாக வாங்கினார். வாங்கியதை அப்படியே மாஸ்கோ ஓவியப் பள்ளிக்குத் தானமாகக் கொடுக்க முன்வந்தார். பள்ளியோ இடமில்லை என்றது. பிறகு ஒரு கலைச் சங்கத்திடம் கொடுத்துப் பார்த்தார், அங்கும் காரியம் இழுபட்டது. கடைசியில் லாவ்ருஷின்ஸ்கி சந்திலுள்ள தன் வீட்டோடு சேர்த்துக் கூடங்களைக் கட்டித் தானே மாட்டிக்கொண்டார். இலவசமாகக் கொடுப்பதற்கும் இத்தனை வாசல் ஏற வேண்டியிருந்தது. விற்பனை நடந்த சமயத்தில் வெரெஷ்சாகின் இந்தியாவுக்குப் புறப்பட்டிருந்தார். அவர் தீட்டிய தாஜ்மஹாலும் பிற்பாடு இதே கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

1885-இல் இன்னொரு சோதனை. மகனை அடித்து வீழ்த்திவிட்டு, அவன் தலையிலிருந்து வழியும் ரத்தத்தைக் கையால் பொத்திக்கொண்டு வெறித்துப் பார்க்கும் கொடுங்கோலன் இவானை ரெப்பின் தீட்டியிருந்தார். திரெத்யாகோவ் வாங்கிய அந்தப் படத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று ஜார் மூன்றாம் அலெக்சாந்தரின் ஆணை வந்தது. திரெத்யாகோவ் காட்டமாட்டேன் என்று கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, படத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். சில மாதங்களில் தடை நீங்கியது. சத்தம் போட்டு எதிர்க்கும் சுபாவம் அவருக்கு இல்லை. வாங்குவதை நிறுத்தும் சுபாவமும் இல்லை.

1887-இல் இளைய மகன் எட்டு வயதில் இறந்தான். மூத்த மகன் பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவர். வீட்டில் சிரிப்புக் குறைந்தது என்று மகள்களின் நினைவுக் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. 1892-இல் தம்பி செர்கேயும் போனார். ஒருகாலத்தில் மாஸ்கோ மேயராக இருந்த அவர், தன் ஐரோப்பிய ஓவியங்களை நகரத்துக்கு எழுதிவைத்திருந்தார். அண்ணன் அதையே வாய்ப்பாகக் கொண்டு, தன் சேகரிப்பையும் வீட்டையும் சேர்த்து நகர சபைக்குக் கொடுத்தார். 1,287 ஓவியங்கள், 518 கோட்டோவியங்கள். எல்லோரும் கட்டணமின்றிப் பார்க்க வேண்டும், தன் ஆயுள்வரை தானே பொறுப்பாளர் என்பவை நிபந்தனைகள். பெயர்ப்பலகையில் தம்பி பெயரும் இருந்தது. 1893-இல் கூடம் நகரத்தின் சொத்தாகத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அவரைச் சிறப்பிக்க ரஷ்ய ஓவியர்கள் மாஸ்கோவில் மாநாடு கூட்டியபோது, விழா நாயகர் ஊரிலேயே இல்லை!

அந்த ஆண்டுகளில் மகளுக்கு எழுதிய கடிதமொன்றில், சமூகத்திடமிருந்து சம்பாதித்தது ஏதாவது பயனுள்ள நிறுவனமாகச் சமூகத்துக்கே திரும்ப வேண்டும் என்பது இளமை முதலே தன் எண்ணம் என்று குறிப்பிட்டார். பாராட்டு யாரும் வாசிக்காத இடத்தில் அதை இன்னும் தெளிவாகக் காணலாம். காதுகேளாத, வாய்பேசாத குழந்தைகளுக்கான மாஸ்கோப் பள்ளியைப் பல்லாண்டு தாங்கிப் பிடித்தார். அதற்கு ஒரு பெரிய வீட்டையே வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளின் படிப்பை அவ்வப்போது தானே போய்ப் பார்ப்பார்.

1898 டிசம்பரில் இறந்தார். போகும் முன் உயிலில் ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார்: தன் காலத்துக்குப் பின் கூடத்தில் படங்களைக் கூட்ட வேண்டாம், இப்போதே ஏராளம், பார்க்க வருபவர்கள் களைத்துவிடுவார்கள். இந்த ஒரு பேரத்தில் அவர் தோற்றார். பொறுப்பாளர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். 1918-இல் புரட்சி அரசு கூடத்தை நாட்டுடைமையாக்கியபோது, வணிகர் பெயரை மட்டும் எடுக்காமல் விட்டு, மற்ற சேகரிப்புகளையும் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது அங்கே 1,80,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. போய்வந்தவர்களைக் கேட்டால், கால் வலியைத்தான் முதலில் சொல்கிறார்கள்.